பதினைந்து எழுத்துச் சுப்பிரமணியம்

புக்கிட் செம்பாக்கா பெருந்தோட்ட நிறுவனம் அந்த ஆண்டை நேர நேர்மை ஆண்டாக அறிவித்தது. விழா காலை ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. டத்தோ பட்டம் வாங்கிய நிறுவனத் தலைவர் பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகு எல்லாரும் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, நேரத்தைத் திருட மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

சுங்கைப்பட்டாணித் தலைமையகத்தில் வேலை பார்த்த இவாஞ்சலினும் எடுத்துக்கொண்டாள். நான்கு வருடமாக அவள் ஒப்பந்தப் பணியாளர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிப்பார்கள். இடையில் வரும் கிறிஸ்துமஸை அவள் நிம்மதியாகக் கொண்டாடியதே இல்லை.

விழாவுக்குப் பிறகு எட்டுத் தோட்டங்களிலும் பஞ்ச் மெஷின் வைத்தார்கள். தொழிலாளி வரும்போது ஒரு முறையும் போகும்போது ஒரு முறையும் அட்டையைக் காட்ட வேண்டும். அந்தப் பதிவுகள் எல்லாம் தலைமையகத்துக் கணினியில் உள்ள தரவுத்தளத்துக்கு வந்து சேரும். நிர்வாகிகளுக்கு அட்டை கிடையாது. "நாங்கள் நேரத்தை நிர்வகிப்பவர்கள். நிர்வகிக்கப்படுபவர்கள் அல்ல" என்று மனிதவளப் பொது மேலாளர் தர்மலிங்கம் விளக்கம் தந்திருந்தார். சம்பளம் மட்டும் பழையபடி, தோட்டத்தில் கையால் எழுதும் வருகைப் புத்தகமான செக்ரோலைப் பார்த்தே போட்டார்கள். மெஷின் நேர்மைக்காக மட்டும்தான்.

அந்தத் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கத் தெரிந்தவள் அலுவலகத்தில் இவாஞ்சலின் ஒருத்திதான். அதற்குக் குவெரி என்று பெயர். அலோர் ஸ்டார் ஹோட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டாள். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லித் தந்தது எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. சான்றிதழில் அது எழுதப்படவில்லை.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை தர்மலிங்கம் அவளைக் கூப்பிட்டார்.

"இவா, இந்த வருஷம் அதிக நேரம் வேலையில இருந்தது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு வேணும். டத்தோ கையால விருது குடுக்கப் போறோம்."

தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் தொழிலாளர்களின் எண்ணும் பெயரும். இன்னொன்றில் மெஷின்கள் அனுப்பிய பஞ்ச் பதிவுகள். இரண்டையும் தொழிலாளர் எண்ணை வைத்து இணைக்க வேண்டும் என்பது இவாஞ்சலினுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் எண்ணை ஒவ்வொரு விதமாக அடித்திருந்தார்கள். ஒரு தோட்டத்தில் முன்னால் ஊர் எழுத்து, ஒரு தோட்டத்தில் இரண்டு சுழியம், இன்னொன்றில் எண்ணே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரை முட்டிப் பார்த்துவிட்டு, அவள் பெயரை வைத்து இணைத்தாள். பெயர் இரண்டு இடத்திலும் இருந்தது. குவெரி உடனே ஓடியது. அந்த மகிழ்ச்சியில் அவள் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். மெஷினில் பெயருக்குப் பதினைந்து எழுத்து இடம்தான். ஆங்கிலத்தில் சுப்பிரமணியம் என்பதற்குப் பதினோரு எழுத்து. ஓர் இடைவெளி. பிறகு, இன்னாருடைய மகன் என்பதைச் சொல்லும் 'எ/எல்' மூன்று. அதோடு இடம் தீர்ந்துவிடும். யாருடைய மகன் என்று சொல்ல இடமில்லை. கரங்கான் தோட்டத்தில் குழந்தைவேலுவின் மகன் ஒரு சுப்பிரமணியம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். சுங்கை லாலாங் தோட்டத்தில் சுடலைமுத்துவின் மகன் ஒரு சுப்பிரமணியம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷினுக்கு இருவரும் தகப்பன் பெயர் இல்லாத ஒரே ஆள்.

பட்டியலின் உச்சியில் அந்த ஒரே ஆள் வந்து நின்றார். ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேரம்.

விருதுச் சான்றிதழில் போடத் தொழிலாளர் எண் கேட்டார்கள். இவாஞ்சலின் தேடினாள். முதலில் கண்ணில் பட்ட எண் கரங்கான் சுப்பிரமணியத்துடையது. அந்தப் பெயரில் இருந்த பஞ்ச் பதிவுகள் அத்தனைக்கும் நேராக ஒரே கட்டளையில் அந்த எண்ணைப் போட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஒரு நொடியில் ஒருவருக்குச் சொந்தமாயின.

விருது விழாவில் கரங்கான் சுப்பிரமணியம் புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். கையில் கடிகார வடிவத்தில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள்.

"சார், எங்கயோ தப்பு நடந்திருக்கு லா. நான் மார்ச் மாசம் பத்தொன்பது நாள் வேலைக்கே வரல. சம்சாரத்த ஆஸ்பத்திரில வச்சிருந்தேன்."

கூட்டம் கைதட்டியது. தர்மலிங்கம் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீர்களா! மனைவி மருத்துவமனையில் இருந்தபோதும் பதினேழு மணி நேரம் உழைத்திருக்கிறார். அதைச் சொல்லக்கூட அவருக்குக் கூச்சம். நண்பர்களே, மனிதன் மறப்பான், மிகைப்படுத்துவான், சில சமயம் இவரைப்போல் குறைத்தும் சொல்வான். ஆகவே மனிதனைக் கேட்காதே என்பதே நம் திட்டத்தின் உயிர்."

பின்வரிசையில் இருந்த இவாஞ்சலினுக்குப் பத்தொன்பது நாள் என்பது காதில் விழுந்தது. அடக்கமாகப் பேசுகிறார் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். மேடையில் அவளையும் அழைத்து ஒரு பூங்கொத்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் கரங்கான் சுப்பிரமணியத்தைத் தோட்டம் தோட்டமாக அழைத்துப் போய்ப் பேச வைத்தார்கள். அவருக்குப் பேச வராது. "காலையில எழுந்திருப்பேன். வேலைக்குப் போவேன். வந்துடுவேன்" என்பார். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டு, 'எழு, போ, வா: உழைப்பின் மூன்று தூண்கள்' என்று பதாகை அடித்து எட்டுத் தோட்டத்திலும் கட்டினார். பேசப் போன நாட்களில் கரங்கான் சுப்பிரமணியம் ஒரு குலைகூட வெட்டவில்லை. ஆனாலும் தினம் காலை ஆறு மணி நாலு நிமிடத்துக்குச் சுங்கை லாலாங்கில் அவருடைய பஞ்ச் விழுந்துகொண்டிருந்தது.

"மேடையில நின்னுக்கிட்டே வேலையும் செய்யுறாரு பாரு" என்று தர்மலிங்கம் பதிவைக் காட்டி வியந்தார்.

பிறகு அவருக்கு அடுத்த யோசனை வந்தது. "நல்லவனைக் கண்டுபிடிச்சாச்சு. இப்ப வராதவனைக் கண்டுபிடி."

இவாஞ்சலின் இன்னொரு குவெரி எழுதினாள். பஞ்ச் பதிவு ஒன்றுகூட இல்லாத தொழிலாளர் யார் என்று கேட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது. சுங்கை லாலாங் தோட்டம், சுப்பிரமணியம், சுடலைமுத்துவின் மகன். பதினோரு மாதம், சுழியம் மணி நேரம்.

மேடையில் கேட்ட பத்தொன்பது நாள் அவளுக்கு நினைவு வந்தது. பஞ்ச் பதிவுகளை வரிவரியாகத் திறந்தாள். ஒரே நாள், ஒரே பெயர். கரங்கானில் காலை ஆறு ஒன்று. சுங்கை லாலாங்கில் ஆறு நான்கு. இடையில் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் காதுமடல் சூடாகியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து தர்மலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மூணு நிமிஷத்துல அறுபது கிலோமீட்டர். உழைக்கிறவனுக்குத் தூரம் ஒரு பொருட்டா, இவா?"

"சார், அது ரெண்டு பேரு சார். நான்தான் பேர வச்சு இணைச்சிட்டேன். நம்பர வச்சு இணைச்சிருக்கணும். தப்பு என்னோடது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலில் கோபமே இல்லை.

"கோப்பையக் குடுத்தது யாரு?"

"டத்தோ சார்."

"அப்ப டத்தோ தப்பான ஆளுக்குக் குடுத்தாருன்னு சொல்றியா?"

அவர் மேசை மேலிருந்த ஒரு ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அவளை நிரந்தரமாக்கும் கடிதம். பதவி: தரவு நேர்மை அதிகாரி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"விசாரணை முடியட்டும், போடுறேன்" என்றார்.

டிசம்பர் முதல் வாரம் உள்விசாரணை நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் தர்மலிங்கம். பதிவுகளை எடுத்துக்காட்ட இவாஞ்சலின். சுங்கை லாலாங் சுப்பிரமணியம் ஐம்பது வயதுக்காரர். காதோரம் நரைத்திருந்தது. காலை ஆறு நாலுக்குப் பஞ்ச் அடித்துவிட்டுக் கம்பெனி லோரியில் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பதினோரு மாதமாக எங்கே இருந்தீர்கள்?"

"டிராக்டர்ல சார்."

"டிராக்டர் ஓடியது உண்மை. டீசல் கணக்கில் இருக்கிறது. ஓட்டியவர் யார் என்பதற்குத்தான் பதிவு இல்லை."

"நான்தான் சார் ஓட்டுனேன். இருபத்தாறு வருஷமா நான்தான் ஓட்டுறேன். மாசாமாசம் சம்பளம் போட்டீங்களே சார்."

"சம்பளம் வாங்கினீர்கள். வராமலே வாங்கினீர்கள் என்பதற்கு அதுவே சான்று. எழுதிக்கொள்ளுங்கள்."

குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டார். சுப்பிரமணியம் சட்டைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினார். தர்மலிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"இது விருதாளரின் பெயர். விருதாளரின் அட்டை உங்களிடம் எப்படி வந்தது?"

"அது என் பேருங்க சார்."

"ஆள்மாறாட்டம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

அப்போது கதவைத் தட்டிவிட்டுக் கரங்கான் சுப்பிரமணியம் உள்ளே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இன்னொரு சுப்பிரமணியத்தின் விசாரணையைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கூலிம் ஊரில் பஸ் மாறி வந்திருந்தார். கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதை மேசையில் வைத்தார்.

"சார், நான் படிக்காதவன். ஆனா ஒரு ஆளு பதினேழு மணி நேரம் கத்தியப் பிடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதுல பாதி இந்த அண்ணனோடது. எனக்கு இத வீட்டுல வைக்கவே கூசுது. எடுத்துக்குங்க."

"உட்காருங்கள். நீங்கள் களைத்திருக்கிறீர்கள்."

"களைப்பெல்லாம் இல்ல சார். உண்மையச் சொல்றேன்."

தர்மலிங்கத்தின் குரல் முதல் முறையாகக் கெட்டியானது. "அடுத்தவர் நேரம் உங்கள் பெயரில் விழுந்தது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், அதற்கும் விசாரணை வைக்க வேண்டியிருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்."

"வைங்க சார்" என்றார் கரங்கான் சுப்பிரமணியம். சொல்லிவிட்டு மற்றவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தர்மலிங்கம் இவாஞ்சலின் பக்கம் திரும்பினார்.

"பதிவாளர் சொல்லட்டும். இந்தக் குவெரியில் பிழை ஏதும் காட்டியதா?"

இரண்டு சுப்பிரமணியங்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவர். இன்னொருவருக்கு வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். இவாஞ்சலின் தன் முன்னாலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"குவெரி எந்தப் பிழையும் காட்டாம ஓடுச்சு, சார்."

அது பொய் இல்லை. கணினி தவறான கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். அது பொய் இல்லை என்பதுதான் அவளை அதற்குப் பிறகு அதிகம் அரித்தது. பொய் சொல்லியிருந்தால் பயத்தில் உளறிவிட்டேன் என்று தேற்றிக்கொண்டிருக்கலாம். இது வார்த்தை வார்த்தையாகத் தேர்ந்தெடுத்துச் சொன்னது.

வெளியே போகும்போது சுங்கை லாலாங் சுப்பிரமணியம் அவள் மேசையருகில் நின்றார். "பரவால்ல தங்கச்சி. உங்க வேலைய நீங்க செய்யிறீங்க" என்றார்.

தீர்ப்பை இவாஞ்சலினே தட்டச்சு செய்தாள். பதினோரு மாதம் வேலைக்கு வராத குற்றத்துக்காகச் சுப்பிரமணியம் பணிநீக்கம் செய்யப்பட்டார். விசாரணைக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர்ந்ததைப் பாராட்டி, மறுநாள் முதல் புதிய தொழிலாளராக, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். புதிய தொழிலாளருக்குத் தோட்டத்து வீடு கிடையாது. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். கரங்கான் சுப்பிரமணியத்துக்கு எச்சரிக்கைக் கடிதமும் கோப்பையும் ஒரே பெட்டியில் அனுப்பப்பட்டன. அதே வாரம் இவாஞ்சலினுடைய கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. வீட்டில் அவள் அம்மா ஆட்டிறைச்சி சமைத்தாள். அந்தக் கிறிஸ்துமஸையும் இவாஞ்சலின் நிம்மதியாகக் கொண்டாடவில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு. தேவாலயத்துப் பூசையில் எல்லாரும் மார்பில் தட்டிப் பாவத்தை ஒப்புக்கொள்ளும் இடம் வந்தது. கடமையில் தவறியதைச் சொல்லும் வரியில் அவள் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். பூசை முடியும்வரை இவாஞ்சலின் நிற்கவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாள். எந்தத் தோட்டத்து மெஷினில் விழுந்தது என்று பார்த்து, எட்டுத் தோட்டத்து எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எண்ணை வைத்து இணைத்தாள். மூன்று மணி நேர வேலை. அந்த நவம்பர் வியாழக்கிழமையே செய்திருக்கக்கூடிய வேலை. சுங்கை லாலாங் சுப்பிரமணியத்தின் பதினோரு மாதமும் தாளில் வந்து விழுந்தது. ஒரே ஒரு நாள் விடுப்பு.

தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மூட்டைகள் கட்டி அடுக்கியிருந்தன. அவற்றின் நடுவே அவர் மனைவி மருதம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணே, இதுதான் சரியான கணக்கு. லேபர் ஆபீஸ்ல காட்டுங்க" என்றாள் இவாஞ்சலின்.

சுப்பிரமணியம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "இத யாரு எடுத்தாங்கன்னு கேப்பாங்களே தங்கச்சி. ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

அவள் கைப்பையில் பேனா இருந்தது. இல்லாததுபோல் கொஞ்ச நேரம் துழாவினாள். மருதம்மாள் நறுக்குவதை நிறுத்திவிட்டு அந்தத் துழாவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவாஞ்சலின் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி அவளையும் வரச்சொன்னார். இளவயதுக்காரர். தாள்களை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"முதல் குவெரி யார் எழுதியது?"

"நான்தான்."

"தப்பு எப்பத் தெரிஞ்சது?"

"விசாரணைக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப விசாரணைல ஏன் சொல்லல?"

அதிகாரி பேனாவோடு சற்றுக் காத்திருந்தார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஒரு மாதத்தில் நிறுவனம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. பழைய எண், பழைய வருடங்கள், வீடு எல்லாம் திரும்பின. தவறு என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. நேர நேர்மை இரண்டாம் கட்டத்தின் தொடக்க விழாவில் தர்மலிங்கம் பேசினார்.

"நம் அமைப்பு தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. யாரும் சொல்லாமலே சரிசெய்துகொண்டது. இதற்குக் காரணமான நம் தரவு நேர்மை அதிகாரியைப் பாராட்டுகிறேன். பெயருக்கு இனி இருபது எழுத்து இடம் ஒதுக்கப்படும்."

இவாஞ்சலின் வேலையை விடப்போவதாக அன்று காலை மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். கைதட்டல் எழுந்தபோது அவளும் எழுந்து நின்று தலைவணங்கினாள். ராஜினாமாக் கடிதம் எழுதப்படவே இல்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, பீடோங் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியவள் சுப்பிரமணியத்துக்கு எதிரில் போய் நின்றுவிட்டாள். விலகிப் போக வழியில்லை. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா, நம்ம தங்கச்சி!" என்று மீன்காரரிடம் சத்தமாகச் சொன்னார். "இவங்கதான் எனக்காகக் கையெழுத்துப் போட்டவங்க. இவங்க இல்லன்னா நான் இன்னிக்கு நடுத்தெருவுல."

மீன்காரர் அவளை மரியாதையாகப் பார்த்தார். ஐஸ் தண்ணீர் சொட்டும் பையைப் பிடித்தபடி இவாஞ்சலின் நின்றாள்.

"அப்படியில்லண்ணே. உங்கள நடுத்தெருவுக்குக் கொண்டு வந்ததே நான்தான்."

"அட, அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கடையில் இறால் விலை கேட்கப் போனார்.

மருதம்மாள் போகவில்லை. கூடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "வந்து எல்லாத்தையும் சொன்னாரு. நீ ரூம்ல என்ன சொன்னேன்னும் சொன்னாரு. அவருக்குக் கோவமே வராது. எனக்கு வரும். ரெண்டு மாசம் மூட்டைக்கு நடுவுல படுத்திருந்தவ நான். சட்டி எந்த மூட்டையில இருக்குன்னு தினம் அவுத்து அவுத்துச் சமைச்சேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

மருதம்மாள் ஓர் அடி கிட்டே வந்தார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல பயந்துட்டியா?"

லேபர் ஆபீசில் வராத பதில் இப்போது வந்தது. "ஆமாக்கா. வேலைய நிரந்தரம் ஆக்குறேன்னு சொன்னாங்க."

"ஆக்கிட்டாங்களா?"

"ஆக்கிட்டாங்க."

மருதம்மாள் தலையாட்டினார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "வெயில் ஏறுது, மீனு கெட்டுடும். போ" என்று சொல்லிவிட்டுப் புருஷன் போன பக்கம் நடந்தார். இவாஞ்சலின் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் மேடம், வழி விடுங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே அவளைச் சுற்றிப் போனார்கள்.